ஸ்வாப் கோப்பு எங்கே இருக்கிறது?

லினக்ஸ் கணினியில் தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அமைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கடைசி ஸ்னாப்ஷாட் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை உள்ள கணினியில், ரேம் போதவில்லை என்று யாரோ எப்போதோ ஒரு ஸ்வாப் கோப்பைத் தவறான இடத்தில் உருவாக்கியிருந்தால், அன்றிலிருந்து ஒரு ஸ்னாப்ஷாட்கூட விழுந்திருக்காது. கணினி வழக்கம்போல ஓடும். ஸ்னாப்ஷாட் எடுப்பது பின்னணி வேலை என்பதால் பிழைச்செய்தி லாக் பதிவுக்குள் போய்க் கிடக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு அப்டேட் சொதப்பி, பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று தேடும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இது ஏதோ சிலருக்கு மட்டும் நேரும் சிக்கல் அல்ல. ஓப்பன்சூசே 2014-இல் வந்த 13.2 பதிப்பிலிருந்து கணினியின் மூலப் பகுதிக்கு பிடிஆர்எஃப்எஸ்-ஐத்தான் இயல்பாக வைக்கிறது. ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்புகள் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதல் அதற்கு மாறின. மின்ட், உபுண்டு போன்றவற்றில் தாமாகவே அதைத் தேர்ந்தெடுத்து, டைம்ஷிஃப்ட் மென்பொருளை நம்பியிருப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர், முன்பு இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் காலத்தில் கற்ற பழக்கத்திலேயே ஸ்வாப் கோப்பை உருவாக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஸ்வாப் என்பது ரேம் நிரம்பும்போது, அப்போதைக்குத் தேவைப்படாத நினைவகப் பக்கங்களை வட்டில் ஒதுக்கி வைக்கும் இடம். அதற்கெனத் தனிப் பார்ட்டிஷன் வைக்கலாம். இல்லையென்றால் இருக்கிற கோப்பு முறைமைக்குள்ளேயே ஒரு பெரிய கோப்பை உருவாக்கி அதை ஸ்வாப் என்று கர்னலிடம் சொல்லலாம். கோப்பு என்றால் வேண்டும்போது பெரிதாக்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம், பார்ட்டிஷனைக் கலைத்துப் போட வேண்டியதில்லை. அதனால்தான் பலருக்கும் கோப்பு பிடிக்கிறது.

ஆனால் பெயர்தான் கோப்பு. ஸ்வாப்பை இயக்கும் அந்த நொடியில், இந்தக் கோப்பு வட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறது என்ற பட்டியலை கர்னல் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு அது கோப்பு முறைமையிடம் எதையும் கேட்பதில்லை. நேராக வட்டின் அந்த இடங்களுக்கே போய் எழுதுகிறது, அங்கிருந்தே படிக்கிறது. காரணம் எளிது: ரேம் தீர்ந்துபோன நெருக்கடியில்தான் ஸ்வாப்பில் எழுத வேண்டியிருக்கிறது. அப்போது கோப்பு முறைமையைக் கூப்பிட்டால் அது தன் வேலைக்கும் கொஞ்சம் ரேம் கேட்கும். ரேமை விடுவிக்க ரேம் வேண்டும் என்ற நிலை வந்தால் கணினி அப்படியே உறைந்துவிடும்.

ஆக, ஸ்வாப் கோப்புக்கு ஒரு நிபந்தனை கட்டாயம். அது வட்டில் இருந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது.

நகர்த்துவதையே வழக்கமாகக் கொண்டவைதான் பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற காப்பி ஆன் ரைட் முறைமைகள். கணக்குப் பேரேட்டில் பழைய வரியை அழித்து மேலேயே எழுதாமல், புது வரியில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும் கணக்கரைப் போல, இவை ஒரு கோப்பின் நடுவில் நான்கு எழுத்தை மாற்றினாலும் அந்தத் தொகுதியை வேறோர் இடத்தில் புதிதாக எழுதி, சுட்டியை அதன் பக்கம் திருப்புகின்றன. பழைய தொகுதி அழியாமல் இருப்பதால்தான் ஸ்னாப்ஷாட் நொடியில் முடிகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் முறைமை சிதையாமல் நிற்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் போட்டு வைப்பதால் வட்டு தவறான தரவைக் கொடுத்தால் உடனே பிடிபடுகிறது. எல்லாம் நல்ல குணங்கள்தான். ஸ்வாப்புக்கு மட்டும் ஒவ்வாதவை.

பல ஆண்டுகள் பிடிஆர்எஃப்எஸ் இந்த முரண்பாட்டை ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்திருந்தது: முடியாது. ஸ்வாப் கோப்பை இயக்கப் பார்த்தால் மறுத்துவிடும். 2019 மார்ச்சில் வந்த 5.0 கர்னலில்தான், ஒமர் சாண்டோவல் எழுதிய மாற்றங்கள் வழியே அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்தில் லூப் டிவைஸ் என்ற இடைத்தரகனை வைத்து ஏமாற்றும் குறுக்குவழி ஒன்று புழக்கத்தில் இருந்தது. கோப்பைப் போலி வட்டாகக் காட்டி, அந்தப் போலி வட்டை ஸ்வாப்பாக்குவது. அது வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு எழுதுதலும் கோப்பு முறைமை வழியாகவே போவதால், ரேம் உண்மையிலேயே தீரும் தருணத்தில் நான் மேலே சொன்ன உறைநிலைக்குக் கணினியைத் தள்ளும். அந்தக் குறிப்புகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. லூப் என்ற சொல் வரும் ஸ்வாப் குறிப்பு எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

5.0 தந்த அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. கோப்புக்குக் காப்பி ஆன் ரைட் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அதை நிறுத்தினால் செக்சமும் சுருக்கமும் தாமாகவே போய்விடும். கோப்பின் முழு அளவும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, நடுவில் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். அதன் தொகுதிகள் வேறெந்த ஸ்னாப்ஷாட்டோடும் நகலோடும் பங்கிடப்பட்டிருக்கக் கூடாது. கோப்பு முறைமை ஒரே வட்டில், தரவு ஒரே பிரதியாக இருக்கும் அமைப்பில் இருக்க வேண்டும். இரண்டு வட்டுகளை ரெய்டு 1 என்று இணைத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு மூடியதுதான். அவர்கள் ஒவ்வொரு வட்டிலும் ஒரு சிறிய ஸ்வாப் பார்ட்டிஷன் ஒதுக்குவதே வழி.

இந்த நிபந்தனைகளில் எது மீறப்பட்டாலும் பயனர் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு வாசகம்தான்: 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்'. எது இன்வேலிட் என்று அது சொல்லாது. புதியவர்களை இவ்வளவு அலைக்கழிக்கும் பிழைச்செய்தி லினக்ஸில் குறைவு என்றே சொல்வேன். உண்மையான காரணம் கர்னலின் லாக் பதிவில் இருக்கிறது. டிமெஸ்க் என்ற கட்டளையை இட்டுக் கடைசி வரிகளைப் படித்தால், கோப்பு காப்பி ஆன் ரைட்டாக இருக்கிறதா, சுருக்கப்பட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கட்டளைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை.

செக்சம் இல்லாமல் போவதைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். வட்டு ஒரு பிட்டைப் புரட்டிப் போட்டால், ஸ்வாப்பிலிருந்து திரும்பும் பக்கம் கெட்டுப்போய் வரும். யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஸ்வாப் பார்ட்டிஷனிலும் செக்சம் கிடையாது. இத்தனை காலமும் நாம் அப்படித்தான் இருந்தோம். அதனால் இதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது.

பிடிஆர்எஃப்எஸ்-இல் ஸ்னாப்ஷாட் எடுப்பது, சப்வால்யூம் எனப்படும் உட்பிரிவுகளின் கணக்கில். இயக்கத்தில் உள்ள ஸ்வாப் கோப்பு ஒரு சப்வால்யூமுக்குள் இருந்தால், அந்தச் சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்க கர்னல் மறுத்துவிடும். அது சரியான மறுப்பு. எடுக்க விட்டால் ஸ்வாப்பின் தொகுதிகள் ஸ்னாப்ஷாட்டோடு பங்கிடப்படும்; அடுத்த எழுதுதல் வேறிடத்துக்குப் போக வேண்டிவரும்; கர்னலோ பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே எழுதும். ஸ்னாப்ஷாட் கெட்டுவிடும். ஆகவே கைப்பட ஸ்னாப்ஷாட் எடுத்துப் பார்த்தால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று ஒரு விநோதமான வாசகம் வரும். ஸ்வாப் என்ற சொல்லே அதில் இருக்காது. ஸ்னாப்பர், டைம்ஷிஃப்ட் போன்ற ஸ்னாப்ஷாட் மென்பொருள்கள் தானாக இயங்கும்போது அந்த வாசகமும் கண்ணில் படாது. மூலச் சப்வால்யூமில் நேராக ஒரு ஸ்வாப் கோப்பை வைத்தவர், தன் கையாலேயே தன் கணினியின் ஸ்னாப்ஷாட் ஏற்பாட்டை நிறுத்திவிட்டார் என்றுதான் பொருள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்வாப் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நேரத்தில் ஸ்னாப்ஷாட் ஒன்று விழுந்துவிட்டால், இப்போது கோப்பின் தொகுதிகள் பங்கிடப்பட்டவை ஆகிவிடும். அடுத்த முறை ஸ்வாப்பை இயக்கினால், நேற்றுவரை வேலை செய்த கோப்பு இன்று 'இன்வேலிட்' ஆகிவிடும். பயனர் எதையுமே மாற்றியிருக்க மாட்டார். இந்த நிலையில் கோப்பைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம்; நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குவதே சுருக்கமான வழி.

தீர்வு கடினமானதல்ல: ஸ்வாப்புக்கென்று தனிச் சப்வால்யூம். ஒரு சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது அதற்குள் இருக்கும் வேறு சப்வால்யூம்கள் சேர்க்கப்படுவதில்லை. அதனால் ஸ்வாப் தனக்கென்ற சப்வால்யூமில் இருந்தால், மூலப் பகுதியின் ஸ்னாப்ஷாட்டுகள் தடையில்லாமல் நடக்கும். ஆனால் அந்தச் சப்வால்யூமை எங்கே வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மூலச் சப்வால்யூமுக்குள்ளேயே கூடுகட்டி வைத்தால், பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும் நாளில் அந்த இடத்தில் வெறும் காலி அடைவுதான் இருக்கும், ஸ்வாப் கிடைக்காது. கோப்பு முறைமையின் உச்சியில், மூலச் சப்வால்யூமுக்குப் பக்கத்தில் அதை உருவாக்கி, எஃப்எஸ்டேப் கோப்பில் தனி வரியாக மவுன்ட் செய்வதே உறுதியானது. இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழியும். செலவழியட்டும்.

கோப்பை உருவாக்கும் வேலையை இப்போது ஒரே கட்டளை செய்துவிடுகிறது. பிடிஆர்எஃப்எஸ் கருவித்தொகுப்பின் 6.1 பதிப்பிலிருந்து, 'எம்கேஸ்வாப்ஃபைல்' என்ற துணைக்கட்டளை கோப்பை உருவாக்கி, காப்பி ஆன் ரைட்டை நிறுத்தி, இடம் ஒதுக்கி, ஸ்வாப் வடிவத்துக்கும் கொண்டுவந்துவிடும். அளவு சொல்லாவிட்டால் 2 ஜிபி எடுத்துக்கொள்ளும். பழைய தொகுப்பு உள்ளவர்கள் கைப்படச் செய்யும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் காலிக் கோப்பு; அது காலியாக இருக்கும்போதே காப்பி ஆன் ரைட்டை நிறுத்தும் பண்பு; அதன்பிறகுதான் இடம் நிரப்புதல். தரவு ஏறிய கோப்பில் அந்தப் பண்பைப் போட்டால் பலன் கிடையாது. ட்ரங்கேட் கட்டளையால் மட்டும் அளவைக் கூட்டினால் கோப்பு முழுக்க ஓட்டையாக இருக்கும்; அதையும் கர்னல் ஏற்காது.

ஸ்வாப் இயங்கிக்கொண்டிருக்கும்போது கோப்பு முறைமையின் மற்றப் பராமரிப்பு வேலைகளும் கொஞ்சம் முடங்கும். பேலன்ஸ், அதாவது தரவை மறுபடி அடுக்கும் வேலை, ஸ்வாப் உட்கார்ந்திருக்கும் தொகுதிக் குழுக்களை மட்டும் தாண்டிப் போகும். கோப்பு முறைமையின் அளவைக் குறைக்கும்போது ஸ்வாப் குறுக்கே இருந்தால் அந்த வேலை நின்றுவிடும். இரண்டாவது வட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால், அதன்பின் புதிதாக ஸ்வாப் கோப்பு எதையும் இயக்க முடியாது. பெரிய பராமரிப்பு வேலைக்கு முன் ஸ்வாப்பை நிறுத்திக்கொள்வது நல்லது. நிறுத்தும்போது அதிலுள்ளதெல்லாம் ரேமுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், பிரவுசரை மூடிவிட்டு, ரேமில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

ஹைபர்னேட் செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஹைபர்னேட் செய்யும்போது ரேமின் உள்ளடக்கம் ஸ்வாப்பில் எழுதப்படும். அடுத்த முறை இயக்கும்போது கர்னல் அதைத் தேடிப் படிக்க, கோப்பு வட்டில் தொடங்கும் இடத்தை எண்ணாகக் கொடுக்க வேண்டும். இஎக்ஸ்டி4-இல் இந்த எண்ணை ஃபைல்ஃப்ராக் என்ற கருவி தரும். பிடிஆர்எஃப்எஸ்-இல் அதே கருவி தருவது முறைமையின் உள் முகவரி. வட்டின் உண்மையான முகவரி அல்ல. அந்த எண்ணை வைத்தால் கணினி பழைய நிலைக்குத் திரும்பாது, திறந்து வைத்திருந்த வேலையெல்லாம் போகும். பிடிஆர்எஃப்எஸ் தொகுப்பிலேயே இதற்கென்று 'மேப் ஸ்வாப்ஃபைல்' என்ற துணைக்கட்டளை இருக்கிறது. அது தரும் எண்தான் சரி. கோப்பை நீக்கி மறுபடி உருவாக்கினால் எண்ணும் மாறும். இன்னொன்று: ஹைபர்னேட் ஆன கணினியின் வட்டை இடையில் வேறொரு லினக்ஸிலிருந்தோ லைவ் யுஎஸ்பியிலிருந்தோ மவுன்ட் செய்யக் கூடாது. திரும்பி எழும் கர்னல், தான் தூங்கப்போனபோது இருந்த நிலையிலேயே வட்டு இருப்பதாக நம்பி எழுதத் தொடங்கும். கோப்பு முறைமை மொத்தமும் சிதைய அது போதும்.

இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம்: ஸ்வாப்பை அதற்குள் வைக்காதீர்கள். லினக்ஸில் இசட்எஃப்எஸ்-க்குள் இருக்கும் கோப்பு ஸ்வாப்பாக இயங்காது. 'இசட்வால்' என்ற தொகுதிச் சாதனத்தை உருவாக்கி அதை ஸ்வாப்பாக்கலாம்; கர்னலும் மறுக்காது. மறுக்காததுதான் ஆபத்து. இசட்வாலில் எழுதும் ஒவ்வொரு முறையும் இசட்எஃப்எஸ் செக்சம் கணக்கிட, இடம் ஒதுக்க, சுட்டிகளைத் திருத்த ரேம் கேட்கும். சாதாரண நாளில் எல்லாம் சரியாக நடக்கும். ரேம் தீரும் நாளில் கணினி உறைந்துவிடலாம். சோலாரிஸில் இசட்வால் ஸ்வாப் இயல்பான ஏற்பாடுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது சோலாரிஸின் கர்னல். லினக்ஸின் நினைவக மேலாண்மை வேறு. அங்கே நடந்தது இங்கே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இசட்எஃப்எஸ் உள்ள கணினியில் வட்டைப் பிரிக்கும்போதே ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கிவிடுங்கள்.

ஆப்பிள் இதே சிக்கலை எப்படிக் கையாண்டது என்பது கவனிக்கத்தக்கது. 2017-இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ்-உம் காப்பி ஆன் ரைட் முறைமைதான். அதில் ஸ்வாப் கோப்புகளுக்கென்றே விஎம் என்ற தனி வால்யூம் இருக்கிறது. பயனர் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. லினக்ஸ் விநியோகங்களின் நிறுவல் நிரல்கள் இந்தப் பொறுப்பை இன்னும் அதிகமாகத் தாங்களே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

ஃபெடோரா வேறொரு வழியில் போனது. 33-ஆம் பதிப்பிலேயே இசட்ரேம்-ஐ இயல்பாக்கியது. ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிய ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் உத்தி இது. வட்டைத் தொடுவதே இல்லை என்பதால் இந்தக் கட்டுரையில் சொன்ன சிக்கல் எதுவும் அதற்கு இல்லை. 8 ஜிபி ரேமில் பிரவுசரும் அலுவலக மென்பொருளும் ஓட்டுபவருக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஹைபர்னேட் மட்டும் அதில் செய்ய முடியாது. ஹைபர்னேட் வேண்டாதவர் வட்டில் ஸ்வாப் தேவைதானா என்று முதலில் யோசிப்பது நல்லது.

ஸ்வாப்பில் என்னென்ன விழும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கடவுச்சொல், வங்கி விவரம், திறந்திருந்த ஆவணம் என ரேமில் இருந்த எதுவும் அங்கே எழுதப்படலாம். கணினியை அணைத்த பின்பும் கிடக்கும். கோப்பின் அனுமதி 600 ஆக, அதாவது நிர்வாகி மட்டுமே படிக்கும்படி இருக்க வேண்டும். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால் அதற்குள் இருக்கும் ஸ்வாப் கோப்பும் காக்கப்படும். ஆனால் மறையாக்கத்துக்கு வெளியே வைத்த ஸ்வாப் பார்ட்டிஷன் திறந்த வீடுதான். பழைய வட்டை விற்கும் முன் கோப்புகளை மேலெழுதி அழித்துவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: காப்பி ஆன் ரைட் முறைமையில் மேலெழுதுவது புது இடத்தில்தான் விழும், பழையது அப்படியே கிடக்கும். முதல் நாளிலேயே மறையாக்கம் செய்வதே நம்பத்தகுந்த பாதுகாப்பு. பிறர் தரவைக் கையாளும் அலுவலகங்களுக்கு இது சட்டப் பொறுப்பும்கூட. இந்தியாவில் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

தரவு போய்விட்டால் யாரிடம் கேட்பது? லினக்ஸ் கர்னலும் அதிலுள்ள பிடிஆர்எஃப்எஸ்-உம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருபவை. மூல நிரலைப் பெறவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் அந்த உரிமம் நமக்கு உரிமை தருகிறது; உத்தரவாதம் எதுவும் தருவதில்லை என்பதையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எழுதியவர்களிடம் இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. பிழை என்று தோன்றினால் கர்னல் பதிப்பு எண்ணையும் டிமெஸ்க் வரிகளையும் சேர்த்து உங்கள் விநியோகத்தின் பிழைப்பதிவில் பதியலாம். அப்படிப் பதிந்தவைதான் திருத்தப்படுகின்றன. காசு கொடுத்து ஆதரவு ஒப்பந்தம் வாங்கிய நிறுவனங்கள், தாங்கள் பயன்படுத்தும் முறைமை அந்த ஒப்பந்தத்தில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ரெட் ஹாட் தன் ஆர்எச்இஎல் 8-இல் பிடிஆர்எஃப்எஸ்-ஐ முற்றிலும் எடுத்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு லினக்ஸ் நிறுவிக் கொடுத்தால் கதை வேறு. இந்தியாவில் அது காசுக்குச் செய்த சேவை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். நண்பர் இலவசமாகச் செய்து தந்த உதவிக்கு இது பொருந்தாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். எதற்கும் பில் வேண்டும். அந்தப் பில்லிலேயே எந்தக் கோப்பு முறைமை போடப்பட்டது, ஸ்வாப் எங்கே வைக்கப்பட்டது, ஸ்னாப்ஷாட் எடுத்துச் சோதிக்கப்பட்டதா என்று மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.